குறிகட்டுவானுக்குப் பத்து நிமிடம் பிந்தி

காலை 6.45. நானும் என் மனைவி கமலாவும் கொக்குவிலில் இருந்து காரில் புறப்பட்டோம். போக வேண்டிய இடம் நெடுந்தீவு. கமலாவின் அப்பா இறந்து ஒரு வருடம். அன்று ஆட்டைத் திவசம். குறிகட்டுவானில் எட்டரை மணிப் படகைப் பிடித்தால் பத்து மணிக்குள் அவளுடைய அக்கா வீட்டில் இருக்கலாம். அடுத்த படகு பிற்பகலில்தான். படையலோ பன்னிரண்டு மணிக்கு முன்னர் முடிந்துவிடும். பின் இருக்கையில் படையலுக்கு ஒரு பை மரக்கறி இருந்தது.

பண்ணைப் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி வேலணைக்குள் நுழைந்ததும் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கார் உதறியது, இழுக்கவில்லை. வங்களாவடிச் சந்தியில் நின்றேவிட்டது.

7.15. டவுனில் எனக்குத் தெரிந்த கராஜுக்குப் போன் எடுத்தேன். அவர் காரைப் பார்க்காமலே, "சென்சர் பழுதாப் போட்டுது. கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ, எண்பத்தையாயிரம் வரும்" என்றார். சந்தியில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்த கொட்டகையைக் காட்டினார். அங்கே அன்ரன் என்பவர் மீன்பிடிப் படகு எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"நீர் போட் எஞ்சின் செய்யிற ஆள். உமக்குக் கார் தெரியுமோ?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி மரியாதையானது அல்ல.

"கடலுக்க நிண்டால் தள்ள ஆளில்லை அண்ணை. அதால வடிவாப் பாத்துத்தான் செய்யிறனான்."

சிறிய கருவி ஒன்றைக் காரில் பொருத்திப் பார்த்தார். "எஞ்சின் சுத்திறதை அளக்கிற சென்சரில இருந்து செய்தி ஒழுங்கா வரேல்லை. அவ்வளவுதான் இது சொல்லுது. சென்சர் பழுது எண்டு சொல்லேல்லை. வயராயும் இருக்கலாம், பிளக்காயும் இருக்கலாம். பாக்காமல் காசைக் குடுத்திடாதேங்கோ."

பிறகு கேட்டார்: "எஞ்சினைக் கழுவினனீங்களோ?"

அன்று விடியற்காலையில் பொனற்றைத் திறந்து குழாயால் நன்றாக அடித்திருந்தேன். துறைமுகத்தில் கார் நிற்கும்போது பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அதை ஒரு படகு மெக்கானிக்கிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"இல்லை," என்றேன். "எனக்கு விசரே?"

கமலா என்னைப் பார்த்தாள்.

"அப்ப எலிதான். டவுன் எலியளுக்கு வயர்தானே சாப்பாடு," என்று சிரித்துவிட்டு, அன்ரன் பற்றறியைக் கழற்றினார், கால்மிதியைக் கிளப்பினார், வயரை ஒவ்வொரு சாணாகத் தடவிப் பார்த்தார். கமலா ஒருமுறை, "இஞ்சாருங்கோ, நான் ஓட்டோவில போகட்டே?" என்று கேட்டாள். "கார் வச்சிருக்கிறவன் பெண்டிலை ஓட்டோவில அனுப்புறதோ?" என்று கத்தினேன்.

8.05. அவள் என்னைப் பார்க்காமல் அன்ரனிடம் சொன்னாள்: "தம்பி, அவர் காலமை எஞ்சினைக் கழுவினவர்."

அன்ரன் என் பக்கம் திரும்பவே இல்லை. அது அடியை விட மோசமாக இருந்தது. ஜக் போட்டுக் காரைத் தூக்கி, கீழே புகுந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். உள்ளே இருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்து, காற்றடித்துக் காயவைத்துப் பொருத்தினார். பத்து நிமிடம். எஞ்சின் விளக்கு அணைந்தது. ஐந்நூறு ரூபாய்தான் வாங்கினார். "சென்சர் நல்ல சாமான் அண்ணை," என்றார்.

8.40. குறிகட்டுவான். படகு கடலில் சிறிதாகத் தெரிந்தது.

"கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாமே?" என்று அப்போதும் அவள்மேல்தான் பாய்ந்தேன்.

"அந்தாளுக்கு முன்னால உங்களைப் பொய்க்காரன் ஆக்கினால் எத்தினை நாளைக்குக் கத்துவியள் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்," என்றாள். "யோசிச்சு முடிய எட்டு மணி தாண்டியிட்டுது."

முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவள். ஒரு பக்கத்தில் அப்பாவின் திவசம், மறுபக்கத்தில் என் கத்தல். முக்கால் மணி நேரம் அவள் இரண்டையும் நிறுத்துப் பார்த்திருக்கிறாள்.

பக்கத்துத் தீவான நயினாதீவுக்குப் படகுகள் ஆட்களை நிரப்பிக்கொண்டு போய் வந்தன. 11.30க்கு அக்கா போன் எடுத்தாள். படையலுக்கு முன்னால் போனை வைத்திருந்தாள் போலும், தேவாரம் கேட்டது. கமலா செருப்பைக் கழற்றிவிட்டு, சனத்துக்கு நடுவே, நெடுந்தீவுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சென்சருக்குக் காசு கொடுக்க முன்னர் வயரையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பிற்பகல் படகு வந்தது. மரக்கறிப் பையை நான் தூக்கினேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்கள் வர வேண்டாம். அங்க வந்து, மெக்கானிக் சுணக்கிப்போட்டான், அதாலதான் படகை விட்டிட்டம் எண்டு அக்காவுக்குச் சொல்லுவியள். நான் பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையாட்ட வேணும்."

நான் படகில் ஏறவில்லை. காலையில் இருந்தே அக்காவுக்கு அதைத்தான் சொல்வதற்கு வைத்திருந்தேன்.