நான் திறந்து பார்க்காத ஃபைல்

2006-ம் வருடம், ஓணம் முடிந்த கையோடு நடந்தது இது. அப்போது நான் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பழைய கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் ஒன்றும் சிந்தாமல் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. அதில் ஆறேழு வருட அனுபவம். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த சேவை மையத்துக்குப் போவேன். புற்றுநோய் முற்றி, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மையம் அது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ்கள், ஒரு ஜீப், ஒரு டிரைவர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார்கள், வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்துவிட முடியாது. ஒரு வாரத்துக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி போவார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது. கடிதங்கள் அடிப்பது, நோயாளிகளின் விவரங்களைப் பதிவது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்வது, இவ்வளவுதான் என் பங்கு.

அங்கே இருந்தது யாரோ கொடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 98 போட்டது. வாரத்தில் இரண்டு முறையாவது நீலத் திரை காட்டி நின்றுவிடும். யாராவது பென் டிரைவைச் செருகினால் வைரஸ் ஏறிவிடும். அந்த ஆண்டு ஜூலையோடு அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதும் நின்றுபோயிருந்தது. இந்த லட்சணத்தில் புதிதாக இன்டர்நெட் இணைப்பும் வாங்கியிருந்தார்கள். நோயாளிகளின் பெயர், முகவரி, நோய் எல்லாம் இருக்கிற இயந்திரத்தை, பூட்டு உடைந்த வீடு மாதிரித் தெருவைப் பார்த்துத் திறந்து போட்டிருக்கிறோமே என்று எனக்கு ஒரே பதைப்பு. லினக்ஸ் போட்டுவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே அதில் படிக்கத் தொடங்கியிருந்த நேரம். அவரும் யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

தயங்கியது சிஸ்டர்தான். இங்கே நர்ஸ்களை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொல்லும் இந்த சிஸ்டர் பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அந்த மையத்துக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. முன்பு இருந்த நர்ஸ் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட, அவருடைய இடத்துக்கு வந்தவர்.

"அக்கா, இப்ப உள்ளதே போராதா? எனக்கு பேடியா இருக்கு" என்றார்.

"எதுக்குப் பயம்? வைரஸ் வந்து எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா அப்ப என்ன செய்வீங்க?" என்றேன். 

எல்லா ஃபைல்களையும் இரண்டு சி.டி.யில் எழுதினேன். ஹாஸ்டலில் இருந்த என் கம்ப்யூட்டரில் போட்டு நாலைந்தைத் திறந்தும் பார்த்தேன். நோயாளிகள் பட்டியல், மருந்துக் கணக்கு, டாக்டரின் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்தன. மொத்த ஃபைல்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. சனிக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். பழையதை முழுவதும் அழிக்கும் முன்பு சிஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எல்லாம் ஏத்தியாச்சா அக்கா? அந்த 'வழி' ஃபைலும் உண்டுல்லா?"

'வழி' என்ற பெயரில் ஒரு ஃபைல் பட்டியலில் இருந்தது நினைவிருந்தது. திறந்து பார்க்கவில்லை. "எல்லாம் இருக்கு சிஸ்டர், ஒண்ணுகூட விடல" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஒரு பிராவசியம் திறந்து காட்டுங்களேன்" என்றார். ஒரு தடவை, அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. "இதுதான் சிஸ்டர் என் வேலையே" என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினேன்.

மதியத்துக்குள் புதிய சிஸ்டம் தயார். வேகமாக ஓடியது. பட்டியலைத் திறப்பது, பிரிண்ட் எடுப்பது எல்லாம் சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலப் பட்டியலைத்தான் காட்டினேன். அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆபீசுக்குள் நுழையும்போது செல்போன் அடித்தது.

"அக்கா, 'வழி' வாசிக்கான் பற்றல்ல. என்னமோ இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா வருது. ஒண்ணும் மனசிலாகல்ல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது.  அந்த ஃபைல் மலையாளத்தில் அடித்தது. அந்தக் காலத்து மலையாள எழுத்துருக்கள், தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான், ஆங்கில எழுத்துகளுக்கு மேல் நம் எழுத்தின் வடிவத்தைப் போர்த்தி வைத்த மாதிரி வேலை செய்யும். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் மலையாளம் தெரியும். இல்லாவிட்டால் வெறும் குப்பை. ஃபைலை நான் எடுத்து வைத்திருந்தேன். எழுத்துரு விண்டோஸின் வயிற்றுக்குள் வேறு இடத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்பு என் கையாலேயே அழித்திருந்தேன்.

"அதுல என்ன இருக்கு சிஸ்டர்?"

"ஓரோ வீட்டுக்கும் போற வழியாக்கும். முன்ன இருந்த சிஸ்டர் எழுதி வச்சிட்டுப் போனது. இன்னைக்கு கல்லாறு போகணும் அக்கா."

மீதியையும் சொன்னார். கல்லாற்றுக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு வீடு. தொண்டைப் புற்றுநோய்க்காரர். அவருடைய மாத்திரை முந்தின இரவோடு தீர்ந்திருக்கும். சிஸ்டர் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். அதுவும் கொட்டுகிற மழையில், ஜீப்பின் தார்ப்பாய் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு. அதன் பிறகு அந்தப் பக்கம் போனதெல்லாம் மற்ற நர்ஸ். அவர் ஓணத்துக்குக் கண்ணூர் போனவர் இன்னும் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. வழி மனப்பாடமாகத் தெரிந்த டிரைவருக்கு அன்று காலைதான் குடலிறக்க ஆபரேஷன். வந்திருப்பது புது டிரைவர். நேமம் பக்கத்துக்காரர், மலைப்பாதை பழக்கமில்லை. ஆங்கிலப் பட்டியலில் வெறும் முகவரிதான், வழி இல்லை; அதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்குக் கொடுக்கத்தான் 'வழி'யைப் பிரிண்ட் எடுக்கப் போயிருக்கிறார்.

அந்தக் குப்பைக்கு நடுவில் எண்கள் மட்டும் எண்களாகவே வந்திருந்ததை சிஸ்டர் கவனித்திருந்தார். அதில் மலைப்பக்கத்து எஸ்.டி.டி. கோடில் தொடங்கியது ஒன்றே ஒன்று, அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் போன் நம்பர். அடித்துப் பார்த்தாராம். மழையில் லைன் போயிருந்தது.

"நாங்க புறப்படுறோம் அக்கா. விதுரா வரைக்கும் போயி கேட்டு நோக்குறோம்" என்றார். என்மேல் ஒரு சுடுசொல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். ஸ்ரீவராகம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் மெடிக்கல் காலேஜில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில், கம்ப்யூட்டர் வந்த புதிதில் மணக்காடு ஜங்ஷனில் உள்ள ஒரு டி.டி.பி. கடைக்காரர்தான் மலையாளம் ஏற்றிக் கொடுத்தார் என்று தெரிந்தது. சி.டி.யை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

கடைக்காரர் யாருக்கோ பதினாறாம் நாள் கார்டு அடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு சி.டி.யை வாங்கிப் போட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் அதே விண்டோஸ் 98. இரண்டு நாளாக நான் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்த அதே சிஸ்டம். ஃபைல் ஒரு நொடியில் திறந்தது. திரை முழுக்க உருண்டை உருண்டையாக மலையாளம்.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். கல்லாற்றுக்கு முந்தின ஊரான விதுராவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நோயாளியின் பெயரில் அங்கே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்களாம். இரண்டு வீட்டுக்குத் தப்பாகப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க அக்கா. இதுக்கு மேல போனா ரேஞ்ச் இல்ல."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் தெரியாது. ஆறு வருடமாக அந்த ஊரில் இருந்தும் பஸ் போர்டுக்கு மேல் கற்றுக்கொள்ளவில்லை. அதுவரைக்கும் அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இங்க தா மேடம்" என்று போனை வாங்கிக்கொண்டு, திரையைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தப் பக்கம் சிஸ்டர் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது எனக்கும் கேட்டது.

கல்லாறு பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறும் மண்பாதை. இரண்டாவது வளைவில் சிலுவை நட்ட ஒரு குருசடி. அதைத் தாண்டி சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. ஜீப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும், மேலே போனால் திருப்ப முடியாது. அங்கிருந்து ஓடையை ஒட்டி நடக்க வேண்டும். நாயை அவிழ்த்துத்தான் விட்டிருப்பார்கள், ஓடக்கூடாது, வீட்டு அம்மாவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டால் போதும்.

முடிந்தது என்று நினைத்தேன். கடைக்காரர் இன்னும் வாசித்தார். நோயாளிக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார்ந்து பேசவும். அவர் தலையை ஆட்டினாலும் வலி இல்லை என்று அர்த்தமில்லை, கட்டில் சட்டத்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்க்கவும். மனைவி பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தால் மறுக்க வேண்டாம்.

கடைசி வரிகளில் கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது எழுதினவங்க நல்லா இருக்கணும்" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எழுத்துருவை ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். மையத்துக்குத் திரும்பி லினக்ஸில் ஏற்றினேன். பத்து நிமிட வேலைகூட இல்லை. 'வழி' முழுவதும் மலையாளத்தில் வந்துவிட்டது. சனிக்கிழமை அவர் கேட்டபோது ஒரே ஒரு முறை திறந்து காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய பத்து நிமிடம்.

ஜீப் அந்த வீட்டை அடைந்தபோது மணி ஒன்று ஆகிவிட்டதாம். காலை பத்து மணிக்குக் கொடுத்திருக்க வேண்டிய மாத்திரை.

அடுத்த திங்கள் நானும் லீவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். சிஸ்டர் வேண்டாம் என்றார். "அவங்களுக்கு கம்ப்யூட்டரெல்லாம் அறியாது அக்கா. மழையால வண்டி லேட்டுன்னுதான் நினைச்சிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. சிஸ்டர் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் சாயா போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். போன வாரம் ஜீப் தாமதமானது மழையால் இல்லை, என் தவறால் என்றேன். அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அன்று காலையில் கணவர் வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாராம். பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் இவர் பாதைக்கு இறங்கிப் போய் நிற்பாராம், பிறகு அவர் தனியாக இருக்கிறாரே என்று வீட்டுக்கு ஓடிவருவாராம். "எத்தனை தடவை போயி வந்தேன்னு அறியாது" என்றார். அவ்வளவுதான். சாயா ஆறிவிடும், குடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மனிதர் கார்த்திகை மாதத்தில் இறந்துபோனார். லினக்ஸ் அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு வைரஸ்கூட வரவில்லை. மாற்றியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். மாற்றிய விதத்தில்தான் தப்புச் செய்தேன். இப்போது எங்கே போய் எதை மாற்றினாலும், அதில் தினமும் வேலை செய்கிறவரை என் நாற்காலியில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் கையாலேயே ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொல்கிறேன். நேரம் ஆகும், மேலதிகாரிகள் முணுமுணுப்பார்கள். நான் பொருட்படுத்துவதில்லை.

வேலையில் அதன் பிறகும் எத்தனையோ தவறுகள் செய்து, எல்லாவற்றையும் எப்படியோ சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மா பாதைக்கும் வீட்டுக்குமாக ஓடிய அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் என்னால் யாருக்கும் எதைக்கொண்டும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது, பதவியும் சம்பளமும் உயர்ந்த பிறகும், என்னை அடக்கமாக வைத்திருக்கிறது.