தென்கிழக்கே திரும்பாத ஏரியல்

பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஏழாவதோடு படிப்பை விட்டவன். எதையும் ஒரு தடவை பார்த்து நம்ப எனக்கு வராது. போர்ட் பிளேரில் படகு ரிப்பேர் பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது, காலையில் முடுக்கிய நட்டு சாயங்காலம் சிப்பிகாட் பஸ்ஸில் என்னோடு கூடவே வரும். சரியாக முடுக்கினேனா, இல்லையா.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இரும்புக் குழாய் கேட்டுப் பட்டறைக்கு ஒரு சார் வந்தார். அரசாங்க ஆபீசில் வேலை. நாகப்பட்டினத்துக்காரர், தனி ஆள். லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே ரேடியோ வைத்து, அதே மாதிரி வைத்திருக்கிற வெளியூர்க்காரர்களோடு பேசுவார். பொழுதுபோக்கு என்பார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் அது பொழுதுபோக்கு இல்லை. சின்ன வயதில் பினாங்குக்குக் கப்பலேறிய அவருடைய அண்ணன் அந்த நேரத்துக்கு அங்கே தன் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார். இருவரும் நேரில் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு அந்த வருஷம் நெஞ்சு நோய்.

சார் வீட்டுப் பக்கத்தில் ஒரு கோபுரம் நிறுத்திக் கொடுத்தேன். உச்சியில் அலுமினியக் குழாய்கள் கோத்த ஏரியல். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துக் குரல்தான் தெளிவாகக் கேட்கும். மெயின்லேண்ட் மேற்கே, பினாங்கு தென்கிழக்கே. இரண்டுக்கும் திருப்ப ஒரு மோட்டார் வேண்டும், ரோட்டர் என்பார். மெட்ராஸ் நண்பர் கப்பலில் அனுப்பிவைத்தார். வெளிநாட்டில் வீட்டு டெலிவிஷன் ஏரியலைத் திருப்பச் செய்த சின்னப் பெட்டி. திறந்து பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இரும்பு இல்லை, நகத்தால் சுரண்டினால் கோடு விழும்போல ஏதோ வார்ப்பு.

தாங்காது என்றேன். கூட வந்த காகிதத்தைக் காட்டினார். அது தாங்கும் என்று போட்டிருந்த எடைக்கு நம்முடையது உள்ளேதான் இருந்தது.

"எடை சும்மா உக்காந்திருக்கும் சார். காத்துதான் முறுக்கும். சுக்கான் உடையறது எடையாலயா?"

"உன்னைக் கேட்டா தீப்பெட்டிக்கும் நங்கூரம் போடச் சொல்லுவ," என்று சிரித்தார்.

எடையையாவது கோபுரமே தாங்கட்டும் என்று மேலே ஒரு வளையம் வைத்தேன். முறுக்கலுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கோடை முழுக்க அது ஒழுங்காகச் சுற்றியது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. காற்று எழும்பினால் மிஸ்திரி ஒரே வார்த்தைதான் சொல்வார்: "ஜோ ஹிலே, பாந்த் தோ." ஆடுவதையெல்லாம் கட்டு. படகு, ஏணி, தகரம், டிரம் எல்லாவற்றையும் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அப்படிக் காற்று எழும்பியது. நான் போனபோது சார் வீடு பூட்டியிருந்தது. வேலையாக வண்டூர் போயிருக்கிறார், ராத்திரி வருவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். மேலே ஏரியல் மேற்கே பார்த்தபடி இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டிருந்தது. அந்தப் பல்சக்கரம் என் கண்ணுக்குள் வந்துவிட்டது. பட்டறையிலிருந்து மணிலாக் கயிறு எடுத்துவந்து, ஏறி, ஏரியலைக் கோபுரக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். காலையில் பத்து மணிக்கு முன்னால் வந்து அவிழ்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு சீட்டு எழுதிக் கதவில் செருகியிருக்கலாம். என் கையெழுத்துக்கு வெட்கப்பட்டேன்.

ராத்திரி பெய்த மழையில் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. நடந்தும் ஓடியும் நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சார் ரேடியோ முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரோட்டர் சுவிட்சை அழுத்தினால் உறுமல் கேட்கிறது, திசை காட்டும் முள் நகரவில்லை என்றார். திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார், மழையில் வெளியே வந்து மேலே பார்க்கவில்லை. அண்ணன் குரல் வந்ததாம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஒரு வார்த்தை பிடிபடவில்லையாம்.

நான் பார்க்கிறேன் என்று ஏறினேன். முதலில் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் சுற்றிச் சட்டைக்குள் மறைத்தேன். பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். கயிறு விடாமல் பிடிக்க, மோட்டார் முறுக்கியதில் பற்கள் உதிர்ந்து, துண்டுகள் சிக்கி, ஏரியல் மேற்கிலேயே பூட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றுவதற்குள் மழை மறுபடி பிடித்தது. சார் கீழேயிருந்து இறங்கச் சொன்னார்.

"பல்லு போச்சு சார்," என்றேன். கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

மழை இரண்டு வாரம் விடவில்லை. நனைந்த கோபுரத்தில் என்னை ஏற விடமாட்டேன் என்றுவிட்டார். நான் தினமும் போய்ப் போய்க் கேட்டேன். அந்த இரண்டு ஞாயிறும் அவர் தன் பக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பினாங்குக்கு முதுகைக் காட்டிய ஏரியலில் இரைச்சல்தான் வந்தது. மழை விட்ட அன்றே ஏறி, ரோட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் ரெஞ்சால் ஏரியலைத் தென்கிழக்கே திருப்பி போல்ட்டை இறுக்கினேன். அடுத்த ஞாயிறு பக்கத்திலேயே நின்றேன். சார் ஒரு மணி நேரம் கூப்பிட்டார். பதில் இல்லை.

மறுநாள் தந்தி வந்தது, அண்ணன் போய்விட்டார் என்று. ஒரு மாதம் கழித்து அண்ணியின் கடிதம். அதை எனக்குப் படித்துக் காட்டினார். கடைசி மூன்று ஞாயிறும் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தார்களாம். தம்பி கூப்பிடுகிறானா என்று, காதில் மாட்டியதைக் கழற்ற அவர் விடவே இல்லையாம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ அன்னைக்கே சொன்ன, தாங்காதுன்னு. நான்தான் கேக்கல தம்பி."

கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கட்டாவிட்டாலும் அன்றைய காற்றில் அந்தப் பல் போயிருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. போயிருக்குமா என்று இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஆமா சார்," என்றேன்.

டீயைக் குடித்து முடித்தேன். வந்தது வந்தாய், கோபுரத்து நட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றார். ஏறிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.