அப்பா இறைத்த தண்ணீர்

அப்பா அமலநாதன் மூவார் ஆற்றோரத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தார். நகராண்மைக் கழக ஒப்பந்த ஊழியர். ஆற்றோர அரசு நிலத்தில் கிடக்கும் சம்பான் படகுகளில் எதற்கு ஆள் உண்டு, எது கைவிடப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். சம்பானுக்குள் மழைநீர் நிற்கும் மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போடுவார். இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பார். வெயிலுக்கு வற்றுவது இரண்டு விரல் என்று கழித்துக்கொள்வார். அதற்கும் கீழே இறங்கியிருந்தால் யாரோ இறைத்திருக்கிறார்கள். ஏறியிருந்தால் நோட்டீஸ் ஒட்டுவார். நான் செனாய் நகரத் தொழிற்சாலை ஒன்றில் அளவுமானிகளைச் சரிபார்க்கிறவள். இந்த முறையில் எனக்குக் குறை தெரிந்ததில்லை.

மாரடைப்பில் அவர் இறந்து ஆறு வாரம் கழித்து, அவருடைய மழைக்கோட்டையும் சாவியையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேற்பார்வையாளர் ரூபேந்திரன் வாங்கிக்கொண்டார்.

"உங்க அப்பா போனதுலேருந்து பதினாலாம் நம்பர் ரொம்பிக்கிட்டே போகுதுமா. நாலு வருஷமா காஞ்சு கிடந்த சம்பான். புது ஆளு ரெண்டு தடவ பாத்துட்டான். டெங்கி கொசு வேற. வியாழக்கிழமை லாரி தூக்கிரும். ஓனர் கையெழுத்துப் போட்டாத்தான் நிப்பாட்டலாம்."

அளந்தவரே இறைத்திருக்கிறார். நான்கு வருடக் கணக்கும் பொய். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சம்பான் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். உரிமையாளருக்கான படிவத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'வைத்துக்கொள்கிறேன்', 'ஒப்படைக்கிறேன்'.

உரிமையாளர் மணியம், அப்பாவின் நண்பர். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அவர் மனைவி ராசம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"உங்க அப்பா செத்தது அவருக்குத் தெரியாது. உன் வீட்டுல வந்து தங்கியிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிரு."

உள்ளே போனேன்.

"என்னம்மா ஷர்மைன், உங்கப்பன் மக வீட்டுச் சோத்துல நல்லா ஊறிட்டானா?" என்றார் மணியம். "இங்க என் சம்பான் ஊறிக்கிட்டு கிடக்கும். கோடு போடுறதும் அவன்தான், இறைச்சுக் கோட்டைப் பொய்யாக்குறதும் அவன்தான். கெட்டிக்காரன் லா."

அவர் பின்னால் நின்ற ராசம்மா எனக்குத் தலையசைத்தார். வேண்டாம் என்ற அசைவு. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம். ஏற்கெனவே நான்கு வருடப் பொய் இருந்தது.

"அப்பா இறந்துட்டாரு அங்கிள். ஆறு வாரம் ஆச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன கிழமை?"

"சனிக்கிழமை. சாயங்காலம்."

"காலைல இங்க வந்தானே." அவருடைய இடது கை போர்வையைப் பிசைந்தது. "சம்பானைக் குடுத்துருடான்னான். குனிஞ்சா நெஞ்ச அடைக்குதுன்னான். நான் ஏசினேன். ஒரு வாளித் தண்ணி இறைக்க முடியாதா உனக்குன்னு கேட்டேன். போய் இறைச்சிருப்பான்."

இறைத்திருக்கிறார். அன்று அவருடைய கால்சட்டை முழங்கால்வரை ஈரமாக இருந்தது. மருத்துவமனையில் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் ஈரம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அப்படியே வெளியே போய்விடத் தோன்றியது. கால்கள் ஏற்கெனவே வாசலை நோக்கித் திரும்பியிருந்தன.

"அது என்ன பேப்பர்?"

சொன்னேன். இரண்டு கட்டங்களையும் படித்துக் காட்டினேன்.

"வெச்சுக்கலாம் அங்கிள். நான் வேணும்னா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து..."

"நீ வந்து இறைப்பியா?" என்றார். "உன்னையும் அனுப்பவா நான்? ரெண்டாவது கட்டம் எது, காட்டு."

காட்டினேன். ராசம்மா மைப்பெட்டியைக் கொண்டுவந்தார். என்னை விலக்கி நிறுத்தினார். கணவரின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினார். மை அதிகமாகிவிட்டது. மடித்தால் கலைந்துவிடும்.

"காயட்டும், உக்காரு," என்றார் மணியம்.

படிவத்தை மடியில் விரித்து வைத்தபடி உட்கார்ந்தேன். மூன்று பேரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.