எட்டாவது மாடியில் ஒரு சிவப்பு ஸ்டூல்

லிஃப்ட் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவனை நல்ல சேதி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. "உங்க லிஃப்டு இன்னைக்கு அருமையா ஓடுது" என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எனக்குப் போன் செய்ததில்லை. நாலு பேரை வேலை வாங்கி, அந்த நாலு பேரிடமும் மேலே இருப்பவரிடமும் ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என்னைப் போன்ற சூப்பர்வைசர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங் ஜெயாவில் இருக்கும் எங்கள் கம்பெனியில் பதினோரு வருஷம் போன் எடுத்து, புகாரை எழுதி, டெக்னிஷியன்களை அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். பழைய சூப்பர்வைசர் சிங்கப்பூருக்குப் போய்விட, அந்த நாற்காலியை எனக்குத் தந்தார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. என் பழைய மேசையில் அதற்குள் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவியோ ரவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க, பாசார் சந்தையில் கோழி வெட்டுபவர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

ஒரே ஒரு சங்கடம். எனக்கு லிஃப்ட் என்றால் பயம். கதவு மூடியதும் உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும், தெரிந்த சாமி பேரெல்லாம் வரிசையாக வாயில் வரும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்பது ஒரு பயம். சிரிப்பார்களே என்பது அதைவிடப் பெரிய பயம். அதனால் ஏறினேன், படியில்.

கதவைத் தொட்டுப் பார்க்கும் தலைவர்

நாங்கள் பார்க்கும் கொண்டோ அடுக்குமாடிகளில் லிஃப்ட் இரண்டு இருக்கும். ஒன்று கெட்டால் ஆட்கள் மற்றதில் ஏறிப் போவார்கள். நான் மட்டும், "நீங்க போங்க, ஒவ்வொரு மாடிக் கதவா பாத்துக்கிட்டு வர்றேன்" என்று படிக்கட்டுப் பக்கம் நழுவிவிடுவேன். அது பொய்யும் இல்லை. மூச்சு வாங்க நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு கதவு இருந்தால் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

ஒரு நாள் ஷா ஆலமில், பதினாலாவது மாடியில், விழாமல் இருக்க லிஃப்ட் கதவு நிலையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தேன். பக்கத்து லிஃப்ட் திறந்து எங்கள் மேனேஜர் மிஸ்டர் டான் வெளியே வந்தார். எஸ்டேட்டில் நம்மவர்களோடு வளர்ந்த சீனர். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. தொப்பலாக நனைந்த என் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். வேலைக்கு வேட்டு என்று நினைத்தேன். மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து என்னைக் கை காட்டினார்: "பாத்துக்குங்கலா, லீடர்னா இப்படி இருக்கணும். நம்ம எல்லாம் லிஃப்டுல போறோம், இவரு ஒவ்வொரு கதவையும் கையால தொட்டுப் பாக்குறாரு!"

கத்தாத பாஸ்

என் ஆட்கள் நாலு பேரில் மூத்தவர் சுங்கை வேயிலிருந்து வரும் மணியம் அண்ணே. இந்த வேலையில் இருபத்தைந்து வருஷம் ஊறியவர். சரவணன் அப்படியில்லை, கை பாதி வேலை செய்யும், வாய் மீதியைச் செய்யும். அவன் ஒருமுறை பதினாறாவது மாடியில் மேலே போகிற பொத்தானையும் கீழே போகிற பொத்தானையும் மாற்றி மாட்டிவிட்டான். பாசாருக்குக் கிளம்பியவர்களெல்லாம் முதலில் இருபதாவது மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வந்தார்கள்.

அவனைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று முடிவு செய்து படியேறினேன். முதல் மாடியில் எனக்குக் கோபம் முழுசாக இருந்தது. ஐந்தாவதில் பாதி தீர்ந்தது. எட்டாவதில் வழக்கம்போல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எட்டாவது மாடிப் படிக்கட்டில் அப்படி ஒன்று கிடக்கும். ஜாகா, அதாவது காவல் வேலை பார்ப்பவர்கள் உட்காரப் போட்டது என்று நினைத்துக்கொள்வேன். உட்கார்ந்து, மூச்சு விட்டு, மறுபடி ஏறினேன். பதினாறில் போய் நின்றபோது வாயிலிருந்து காற்று வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. சரவணனை முறைத்தேன். அவன் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், போன மாதம் காணாமல் போன டிரில் மெஷின் அவன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருப்பது உட்பட. பிறகு மணியம் அண்ணேயிடம் அவன் புலம்பியது என் காதில் விழுந்தது: "பழைய பாஸு கத்துவாரு, நானும் பதிலுக்குக் கத்துவேன். இவரு பேசாம பாத்துக்கிட்டே நிக்கிறாரு அண்ணே, பயமா இருக்குலா!"

இருபத்தோராம் மாடியில் தலைமைப் பயிற்சி

மிஸ்டர் டானுக்கு என் மேல் நம்பிக்கை முற்றிவிட்டது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடக்கும் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார். வகுப்பு ஒன்பது மணிக்கு, இருபத்தோராவது மாடியில். நான் ஏழு மணிக்கே போய்ப் படியேறத் தொடங்கினேன். அந்தப் படிக்கட்டில், எங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். ஹோட்டல்களில் படிக்கட்டுக் கதவு மாடிப் பக்கமிருந்துதான் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தட்டினேன். லிஃப்டுக்குப் பயந்து போனவன் படிக்கட்டில் அடைபட்டுக் கிடந்தேன்.

கூட்டிப் பெருக்கும் ஓர் அக்கா வந்து திறந்துவிட்டார். பயிற்சியாளர் வந்தபோது நான் முதல் ஆளாக, சட்டை காய்ந்து, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கீழே சாப்பிடப் போனபோதும் நகரவில்லை; திரும்ப யார் ஏறுவது? பயிற்சியாளர் என்னை உதாரண புருஷனாகவே ஆக்கிவிட்டார். அந்த அக்கா மட்டும் ஏமாறவில்லை. என் சட்டைப் பையின் மேல் தைத்திருந்த கம்பெனி பேரைப் படித்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, மெதுவாகக் கேட்டார்: "ஏன் அண்ணே, உங்க கம்பெனி லிஃப்டுல நீங்களே ஏற மாட்டீங்களா?"

டீச்சர் போட்ட நிபந்தனை

ஆறாவது மாதம், கடைசி வாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். அங்கே லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான். அது அந்த வாரத்தில் மூன்று முறை நடுவழியில் நின்றது. மணியம் அண்ணே பிரேக்கைக் கழற்றிப் புதிதாக மாட்டி, பத்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் குடியிருப்பவர்கள் ஏற மறுத்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் பரமேஸ்வரி டீச்சர், ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா, கையில் இரண்டு பை காய்கறி, வீடு பன்னிரண்டாவது மாடி. சமாதானம் பேச மிஸ்டர் டானும் வந்திருந்தார்.

"ஆர் இங்க பொறுப்பான ஆள்?" என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"அப்ப நீங்கள் முதல்ல ஏறிப் போட்டு வாங்கோ தம்பி. பிறகு நாங்கள் ஏறுறம்."

"நான் படியில போய் ஒவ்வொரு கதவா..." என்று ஆரம்பித்தேன்.

"கதவில நான் ஏறிப் போறேல்லை. லிஃப்டிலதான் போறனான்."

மிஸ்டர் டான் பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துப் படியேற்றம் எல்லாம் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அப்போது மணியம் அண்ணே என் முழங்கையைப் பிடித்து, "வாங்க பாஸ், ரெண்டு பேரும் போவோம்" என்று உள்ளே கூட்டிப் போனார். கதவு மூடியது. நான் அவருடைய டூல் பேக் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"எட்டாவது மாடி தாண்டுது பாஸ்," என்றார். "இன்னைக்கு ஸ்டூலு சும்மா கெடக்கும்."

கண் தானாகத் திறந்தது. "என்னா ஸ்டூலு?"

"நம்ம செவப்பு ஸ்டூலுதான். நம்ம வேன்லதான் இருக்கும். நீங்க ஏறுறதுக்கு முன்னாடி சரவணன் லிஃப்டுல கொண்டு போய் வச்சிருவான். எட்டுலதான உங்களுக்கு மூச்சு முட்டுது."

ஆறு மாதமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. பன்னிரண்டாவது மாடியில் கதவு திறந்தபோது இறங்கவே மறந்துபோனேன்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அண்ணே மிஸ்டர் டான்கிட்ட சொல்லல?"

மணியம் அண்ணே கதவு மூடாமல் காலால் தடுத்துக்கொண்டு சிரித்தார். "சொன்னா உங்கள மாத்திருவாரு பாஸ். அடுத்து வர்ற ஆளு லிஃப்டுல வந்துட்டா, அப்புறம் நாங்க எப்பத் தேத்தண்ணி குடிக்கிறது?"

நிரந்தரக் கடிதம் கைக்கு வந்துவிட்டது, பயத்திலும் பாதி போய்விட்டது, ஆனாலும் நான் இன்றைக்கும் படியில்தான் ஏறுகிறேன், ஏனென்றால் நல்ல தலைவன் என்பவன் தன் ஆட்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வந்து சேராதவன்.