பஸ் கூரையில் விட்டுவந்த சைக்கிள்

கச்சிராயபாளையம் டீக்கடையில் இன்றைக்கும் யாராவது மறியல் காலத்துப் பேச்சை எடுத்தால், கடைசியில் ஒருத்தன் கேட்பான்: "மரத்த வெட்டினீங்க, செரி. பாயோட சைக்கிள எதுக்குடா தூக்கினீங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மரம் வெட்டியவர்களில் நானும் ஒருத்தன். அதை மறைக்கவில்லை. சைக்கிளை நான் எடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்றவன் எவனும் எடுக்கவில்லை. அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. எடுத்தவன் யாரென்றும் தெரியாது. சைக்கிளை இழந்த மனுசனைப் பற்றியாவது உள்ளது உள்ளபடி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் பெயர் சாதுல்லா. கள்ளக்குறிச்சிக்காரர். கடலூரிலிருந்து வரும் கருவாட்டை மார்க்கெட்டில் எடுத்து, கல்வராயன் மலைமேல் கொண்டுபோய் விற்பார். நெத்திலி, வாளை, சென்னாக்குனி. மலைக்காரர்களுக்குச் சாமைச் சோற்றுக்குக் கருவாடு இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் மிதித்து வருவார். அதுவரை சமதரை. அதற்கு மேல் மலைப்பாதை, மிதிக்க முடியாது. அதனால் வெள்ளிமலை போகும் பஸ்ஸின் கூரையில் சைக்கிளையும் கூடையையும் ஏற்றிவிட்டு, லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். ஏறுவது பஸ்ஸில், இறங்குவது சைக்கிளில். அந்தப் பக்கத்தில் வியாபாரத்துக்குப் போகிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். இறங்கும்போது பிரேக்கை நம்ப மாட்டார்கள். இலையும் கிளையுமாக ஒரு கொத்தை வெட்டி, கயிற்றில் கட்டி, கேரியருக்குப் பின்னால் தரையில் இழுபட விடுவார்கள். சரசரவென்று சத்தம் கேட்டால் கீழே இருக்கிறவர்கள் "பாய் எறங்குறாரு" என்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கரும்பு வெட்டப் போவேன், வேலை இல்லாத நாளில் டீக்கடை. பாய் ஏணியில் ஏறிக் கூரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்க, கீழே நின்று சைக்கிளைத் தூக்கிவிடுவது நான்தான். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"பாய், உங்க கூட வந்தா என் சட்டைய என் பொண்டாட்டியே வூட்டுக்குள்ள வுடமாட்டேங்குறா."

"வூட்டுக்குப் பத்து நெத்திலி கொண்டுபோய்க் குடுங்க சார். சட்டைய வுட்டுட்டு கையப் புடிப்பாங்க."

பஸ்ஸே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். டிக்கெட்டை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்.

வெள்ளிமலையில் இறங்கி, கரியாலூர் தாண்டி ஏழெட்டு சின்ன ஊர்களைச் சுற்றுவார். அங்கெல்லாம் அப்போது பஸ் கிடையாது. பஸ் போகாத அந்த ஊர்கள்தான் அவர் பிழைப்பு. ரோட்டோரத்து ஊர்க்காரன் சந்தையில் வாங்கிக்கொள்வான். உள்ளே இருக்கிறவனுக்குப் பாயை விட்டால் ஆள் இல்லை. சைக்கிள் இருந்தால்தான் ஒரு பகலில் அந்த ஊர்களைச் சுற்றி வர முடியும்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் காசிநாதன் தலைமை. படிச்சவன், பேசத் தெரிஞ்சவன். விடிவதற்குள் கோடாலியோடு போய், ஊருக்கு மேற்கே மலை ரோட்டில் ஒரு புளிய மரத்தைச் சாய்த்தோம். அதற்கு மேலே வேறு ஊர்ப் பையன்களும் சாய்த்திருந்தார்கள். அதற்குள் முதல் பஸ் எங்கள் ஊரைத் தாண்டி வந்துவிட்டது. மரத்துக்கு முன்னால் வந்து நின்றது. அது தாண்டியதும் பின்னாலும் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். கூரையில் சைக்கிள். அன்றைக்கு யார் தூக்கிவிட்டார்களோ தெரியாது.

ஜனங்கள் இறங்கினார்கள். பாயும் இறங்கினார். கோடாலியோடு என்னைப் பார்த்தார்.

"இன்னா தொரை, இன்னைக்குத் தூக்கிவுட ஆள் இல்லன்னு பாத்தேன். இங்க வந்து கீறியா?"

என் பெயர் தங்கதுரை. அவர் தொரை என்பார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பஸ்ஸு போவாது பாய். திரும்பி நடங்க."

"எப்ப எடுப்பீங்க மரத்த?"

ஒரு வாரம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் சைக்கிளை இறக்கித் தரச் சொல்லியிருப்பார். நான் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏற வேண்டும். காசிநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். 'மறியலுக்கு வந்தியா, மூட்டை தூக்க வந்தியா' என்பான். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

"சாயங்காலம் பாக்கலாம். கருவாட்டு கூடைய மட்டும் எடுத்துக்கினு போங்க. சைக்கிள் இருக்கட்டும். வழியெல்லாம் மரம், கூடையோட எப்படித் தள்ளிக்கினு போவீங்க? நாங்கதான் இங்கியே கீறமே. நான் பாத்துக்கிறேன்."

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் அவசரத்தில் இருந்தார். "டிக்கெட்டு வெள்ளிமலை வரைக்கும் இருக்கு பாய். பஸ்ஸு எங்க போவப் போவுது?" என்றார்.

பாய் அங்கேதான் ஏமாந்தார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. டிக்கெட் கிழித்துவிட்டால் அந்தச் சாமானுக்குக் கவர்மெண்ட் பொறுப்பு. இறங்குகிற ஊர் வரைக்கும் அது கவர்மெண்ட் சாமான் மாதிரி, எவனும் தொடமாட்டான். தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூடையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி, வந்த வழியே நடந்து போனார்.

முதல் நாள் முழுக்க நான் அந்தப் பஸ் பக்கத்தில்தான் இருந்தேன். டிரைவர், கண்டக்டர் எல்லாம் போய்விட்டார்கள். சாயங்காலம் மழை தூறியது. ஏணியில் ஏறிப் போய் சைக்கிள் சீட்டின் மேல் ஒரு சாக்கைக்கூடப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை போலீஸ் வேன் வந்தது. ஓடினோம். நான் கரும்புக்குள் புகுந்து, வயல் வயலாகப் போய், மூங்கில்துறைப்பட்டில் என் அக்கா வீட்டில் ஒளிந்துகொண்டேன். தோகை கிழித்துக் கையெல்லாம் ரத்தம். ஓடும்போது சைக்கிள் ஞாபகம் வந்ததா என்றால், வரவில்லை.

பத்து நாள் கழித்து ஊருக்கு வந்தேன். பஸ்ஸை டெப்போவுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். நானும் அங்கே போனேன். பாய் டெப்போ வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூரையில் கயிறு மட்டும் கிடந்தது. அறுத்த கயிறு இல்லை, அவிழ்த்த கயிறு. முடிச்சு முடிச்சாக நிதானமாக அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தான், எடுத்தவன். சாக்கும் அங்கேயே கிடந்தது.

டெப்போவில் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டினார்கள். சாமானுக்குச் சாமான்காரரே பொறுப்பு. பாய் அதை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரும் அவர் மச்சான் ரவூப்பும் போனார்கள். நான் எதிர்ச்சாரியில், வாழைப்பழக் கடை நிழலில் நின்றேன். உள்ளே போனால் என்னையே உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"சைக்கிளுக்கு பில்லு கேட்டாங்க. சந்தையில வாங்கின பழைய வண்டிக்கு பில்லு ஏது? எல்லையும் வேறயாம். வுடு தொரை."

நானும் விட்டுவிட்டேன். ரவூப்தான் ஒரு மாசம் கழித்து மார்க்கெட்டில் என் சட்டையைப் பிடித்தார்.

"பில்லாவது, எல்லையாவது! அன்னைக்கு அந்த அதிகாரி இன்னா கேட்டாரு தெரியுமா? மரம் வெட்டினவன் எவன் எவன்னு பேரு சொல்லு, உன் சைக்கிள் நாலு நாள்ல வூட்டு வாசல்ல நிக்கும்னாரு. இந்தாளு இன்னா சொன்னாரு? எல்லாரும் மூஞ்சில துண்டு கட்டிக்கினு இருந்தாங்க சார், அடையாளம் தெரியலன்னாரு!"

எங்களில் ஒருத்தன்கூடத் துண்டு கட்டியிருக்கவில்லை.

"உன் பேரு ஒண்ணு சொல்லியிருந்தா போதும்டா. எங்க அக்கா வூட்ல ஒல கொதிச்சிருக்கும்."

நான் பாயிடம் போய்க் கேட்டேன். "என் பேர சொல்ல வேண்டியதுதானே பாய்?"

"சொன்னா உன்னை உள்ள வெப்பாங்க. சைக்கிள் வருமா?"

"நாலு நாள்ல வரும்னு சொன்னாங்களாமே."

"அவுங்க சொல்வாங்க. நீ எடுத்தியா?"

"இல்ல பாய்."

"அப்புறம் எங்கேர்ந்து வரும்?" என்றார். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே ஒரு தடவை எடுத்துப் போனார். என்னுடையது நோஞ்சான் வண்டி. ஊர்களைச் சுற்றுமுன்பே ஒரு இறக்கத்தில் பின்சக்கரம் வளைந்துபோய், தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சரிசெய்து கொடுத்துவிட்டு, "உனக்கு வேலைக்குப் போவ வேணும், வெச்சிக்க" என்றார். புது வண்டி வாங்க அவருக்கும் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை.

பிறகு கூடையைத் தலையில் வைத்து நடந்தார். பஸ்ஸில் வெள்ளிமலை போய், நடந்து எட்டுகிற இரண்டு ஊரோடு திரும்பிவிடுவார். கருவாட்டுக் கூடை தலையில் இருந்தால் கழுத்து போகும், இறக்கத்தில் முட்டி போகும். மூன்று வருஷம் அப்படி ஓட்டினார். அதற்குள் சின்னசேலம் பக்கமிருந்து ஒருத்தன் மொபெட்டில் மலை ஏற ஆரம்பித்துவிட்டான். பாய் ரவூப் கடையில் எடை போட உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் எடை போடுவார். நான் போனால் மட்டும், "தொரை, மேல மழையா?" என்பார். மலையைத்தான் கேட்பார்.

டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஒருநாள் யாரோ அவரிடமே கேட்டான், "பாய், மறியல்காரன்தான எடுத்தான்?" என்று. "எடுத்தவன் கயித்த சுருட்டி வெச்சிட்டுப் போனான்பா. மறியல்காரனுக்கு அவ்ளோ பொறுமை ஏது?" என்றாராம். அதற்கும் சிரித்துவிட்டு, மறுநாள் பழையபடியே பேசினார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் படுத்துவிட்டார். உடம்பு வற்றி, படுக்கையில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டார். நான் பார்க்கப் போனேன். அவர் வீட்டுக்கார அம்மா ஜெபீனா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"தொரை. கரியாலூருக்கு அந்தாண்ட சாலம்மாள்னு ஒருத்தி இருந்தா. அவ வூடு, அத சுத்தி ஏழு வூடு. கடைசியா போனப்ப, அடுத்த வாரம் வாளை கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் போவவே முடியல."

"அது ஆச்சே பாய், இருபது வருஷம்."

"ஆச்சு. அவங்களுக்குத் தெரியாது இல்ல? பாய் ஏமாத்திட்டான், ரோட்டோரத்து ஊரா பாத்துக்கினு போயிட்டான்னு நெனச்சிருப்பாங்க. யாரும் போய் சொல்லல."

இப்போது போய்க் கேட்டால் சாலம்மாள் இருப்பாளா, இருந்தாலும் கருவாட்டுக்காரனை ஞாபகம் வைத்திருப்பாளா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீ ஒரு தடவ போய் சொல்லிட்டு வா. சைக்கிள் போயிடுச்சு, அதான் பாய் வரலன்னு சொல்லு. யாரு எடுத்தாங்கன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லு. நீ மரம் வெட்டினத சொல்லிக்கினு அங்க நிக்காத."