ஷோஃபேர் பட்டன்

அந்தக் காரை நான் ஒருநாளும் கார் என்று மதித்ததில்லை. டிவிப் பெட்டிக்கு நான்கு சக்கரம் மாட்டி, பக்கத்தில் ஆள் உட்காரவும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிரான்சில் இருக்கும் தம்பி லீவில் வந்தபோது சென்னையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன செகண்ட் ஹேண்ட் வெளிநாட்டுக் கார். இரண்டாயிரத்துப் பத்து பிறக்க இன்னும் ஓரிரண்டு வருடம் இருந்தது. புதுச்சேரியில் குருசுக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவில் அதுவரை யாரும் டச் ஸ்கிரீன் வைத்த காரைப் பார்த்ததில்லை. தெருவே வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. அப்பா ஒரு வாரம் சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

அதற்கு முன் எங்களிடம் இருந்த பழைய காரின் டேஷ்போர்டில் மூன்று குமிழ்கள் இருந்தன. நடுக்குமிழ் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பும். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டித் திருகுவார். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. புதுக் காரில் குமிழ் கிடையாது. எல்லாம் ஸ்கிரீனுக்குள். காற்றுக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இன்னும் இரண்டு பக்கம். வெயில் அடித்தால் ஒன்றும் தெரியாது. விரலில் ஈரம் இருந்தால் அதற்கு உறைக்காது. சாவியைத் திருகியதும், ஓட்டும்போது ஸ்கிரீனைப் பார்க்காதே என்று ஸ்கிரீனே ஒரு எச்சரிக்கை காட்டும். அதைப் படித்துச் சம்மதம் என்று அமுக்கினால்தான் மேலே போகும். இதை உட்கார்ந்து யோசித்தவனுக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகவே இருந்திருக்கும், அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருந்திருந்தால். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், பிள்ளைச்சாவடி தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். முடிந்து வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் உதறும். வெயில் காலம் என்றால் கவலையில்லை, ஜன்னலை இறக்கினால் புதுச்சேரி வெயில் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஜன்னலை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் முன் கண்ணாடியில் ஆவி படரும், ஆவியை விரட்ட ஏசி போட வேண்டும். பழைய காரில் அப்பா ஏசியைப் போட்டுக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புவார். வெதுவெதுவென்று காற்று வரும். கண்ணாடியும் தெளியும், அம்மாவும் தெளிவாள்.

புதுக் காரில் எங்களுக்கு வந்தது பனிக்காற்று மட்டும்தான்.

தம்பி போகிறபோது ஸ்கிரீனைப் பிரெஞ்சு மொழிக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். இங்கிலீஷுக்கு மாற்றலாம், எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இங்கே அதுதான் பேர். சொல்தா வீட்டுக் காரில் இங்கிலீஷ் இருந்தால் மரியாதை என்னாவது? ஆனால் அவருடைய பிரெஞ்சு வாயோடு சரி. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் யாரும் பக்கத்தில் இல்லை என்றால். தம்பியைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார்கள், என்னைப் போடவில்லை. ஆகவே வீட்டில் பிரெஞ்சு என்றால் அப்பா சொல்வதுதான் பிரெஞ்சு.

காற்றுப் பக்கத்தில் கீழ் மூலையில் ஒரு பட்டன் இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் படம், அவன் காலை நோக்கி ஒரு அம்பு. அடியில் பாதியில் வெட்டிய ஒரு பிரெஞ்சு வார்த்தை. அப்பா அதைக் கூட்டிப் படித்தார். 'ஷோஃப்' என்று வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

ஷோஃபேர் என்றால் பிரெஞ்சில் டிரைவர். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அப்பா பட்டாளத்தில் பதினைந்து வருடம் செய்தது அதிகாரிகளுக்குக் கார் ஓட்டும் வேலை. ஊரில் அதைச் சொன்னதே இல்லை. துப்பாக்கி பிடித்த கதைதான் சொல்வார். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

முதல் மழையில் அம்மா என் மடியில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் பின் சீட்டிலிருந்து எட்டி, அந்தப் பட்டனை அமுக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆளு உக்காந்திருக்கான் பாரு. அது ஷோஃபேருக்கு வெச்சது. நான் என்ன ஷோஃபேரா?"

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "வுடு. வூடு வந்துடப் போவுது."

நான் விட்டேன். மனதுக்குள் அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டே விட்டேன். அடுத்த முறை ஒரு சால்வை எடுத்துப் போனேன், அதற்கடுத்து இரண்டு. பெரிய மார்க்கெட்டில் கம்பளி சாக்ஸ் தேடி அலைந்தேன், கடைக்காரர் ஊட்டிக்கா போகிறீர்கள் என்று கேட்டார். அந்த மழைக்காலமும் அடுத்த மழைக்காலமும் இப்படியே போயின. அப்பா கண்ணாடிக்குக் காற்று வைத்தார், நான் சால்வை போர்த்தினேன். ஸ்கிரீனைத் துடைக்க மட்டும் அவர் ஒரு வெல்வெட் துணி வைத்திருந்தார்.

அந்த இரண்டாவது மழைக்காலத்தின் கடைசியில் அம்மா போய்விட்டாள். குளிரால் இல்லை. உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார், அது உண்மைதான்.

தம்பி வந்தான். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். அப்பா பக்கத்தில், நான் பின்னால். அம்மாவின் சால்வைகள் சீட்டிலேயே கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது, முன் கண்ணாடி வெளுத்துப் போனது. தம்பி ஸ்கிரீனில் இரண்டு முறை தட்டினான். அப்புறம், அதைப் பெரிதாகப் பார்க்கக்கூட இல்லை, கீழ் மூலையில் உட்கார்ந்திருந்த ஆளைத் தொட்டான்.

வெதுவெதுப்பான காற்று வந்தது. முதலில் காலுக்கு, பிறகு காருக்குள் எல்லா இடத்துக்கும். பின் சீட்டுக்கும் வந்தது.

அப்பா அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எதற்கு என்று தம்பியிடம் கேட்டார்.

"அது ஷோஃபாஜ், அப்பா. சூட்டுக் காத்து. ஏன், நீங்க போடறதில்லையா?"

அப்பா காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

எல்லாரையும் கேவலமாகப் பேச எனக்கு அன்றைக்கு நிறைய இருந்தது. அந்த ஸ்கிரீனைச் செய்தவனை, அதைப் பிரெஞ்சில் விட்டுப் போன தம்பியை, ஒரு வார்த்தைக்கு முகத்தைச் சுளித்துப் பெண்டாட்டியை இரண்டு மழைக்காலம் நடுங்க விட்ட மனிதரை. எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. சால்வையை மடியில் எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தப் பட்டன் கைக்கு எட்டும் தூரம்தான்.