ஒன்றரை டெஸ்லா

என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒண்ணுல இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் வேலை பார்க்கிறவர். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் டீச்சர். போன வருஷம் அவருக்குக் கழுத்து வலி வந்து, வலது கை மரத்துப்போச்சு. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிட்டார்.

"உடம்புல பிளேட்டு, ஸ்க்ரூ, இரும்பு ஏதாவது இருக்கா?"ன்னு ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன் கேட்டார். "ஒண்ணும் கிடையாது சார்"னு இவர் பட்டுனு சொல்லிட்டு, மோதிரத்தைக் கழட்டி என் கையில கொடுத்தார். அப்பதான் ஸ்கேன் ரூம் கதவைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற காந்தத்தோட பலம் 1.5 டெஸ்லான்னு போட்டிருந்தது. சட்டுனு இவர் கண்ணு ஞாபகம் வந்துது.

இவர் கண்ணுல இரும்புத் தூள் விழாத மாசம் உண்டா? பக்கத்து மெஷின்காரரே தீக்குச்சியில பஞ்சைச் சுத்தி எடுத்து விட்டுடுவார். பட்டறை ஆளுங்களுக்கு அதெல்லாம் ஒரு தும்மல் மாதிரி. சொல்லணும்னு எப்படித் தோணும்? ஒரு துணுக்கு உள்ளேயே தங்கியிருந்து, காந்தம் அதை இழுத்தா கண்ணே போயிடுமே.

மனசு தானா கணக்குப் போட்டுது. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஒரு மீட்டர் கம்பி, அதுல ஒரு ஆம்பியர் மின்சாரம், அதுமேல ஒரு நியூட்டன் விசை விழுந்தா புலம் ஒரு டெஸ்லா. அப்போ இங்கே ஒன்றரை நியூட்டன். ஒரு கொய்யாப்பழத்தோட கனம். அட, அவ்வளவுதானான்னு மூச்சு விட்டேன்.

அடிப்பாவி, அது கம்பிக்கு! இரும்புத் துகளை இழுக்கிற விசை, மெஷின் வாய்க்கிட்ட புலம் எவ்வளவு சட்டுனு ஏறுதுங்கிறதையும் பொறுத்தது. அது எனக்குத் தெரியாது. வருஷாவருஷம் போர்டுல எழுதிப் போடுற சூத்திரம் இவர் கண்ணுக்கு உதவலையேன்னு எழுந்து ஓடினேன்.

"சார், அவரை உள்ள விடாதீங்க!"ன்னு கத்திட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாடி நீ, மானத்த வாங்கினு கீற? கண்ணு நல்லாத்தானே தெரியுது"ன்னு இவர் எரிஞ்சு விழுந்தார். டெக்னீஷியன் சிரிக்கலை. முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்னு கூட்டிக்கிட்டுப் போனார்.

வெளியே உட்கார்ந்து, ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எல்லா சாமியையும் கூப்பிட்டேன். இவர் இந்த வம்பை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டட்டும், பரவாயில்லை.

டெக்னீஷியன் இவரைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்தார். "இடது கண்ணுல ஒரு துகள் இருக்கும்மா. இந்த ஸ்கேன் இவருக்கு வேணாம். டாக்டர்கிட்ட பேசிடுங்க."

இவர் முகத்துல ரத்தமே இல்லை. "உள்ள போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"னு மெதுவா கேட்டார்.

நான் அவரோட அந்த இடது கண்ணை உள்ளங்கையால பொத்திக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடியும் அழுதேன்.